டிரிம்மரில் கை வைக்கும் முன்: பழைய மின்னணுக் கடிகாரப் பெட்டிகளின் நேரப் பிழையைத் திருத்தும் வழி

இராயபுரத்தில், துறைமுக மதிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய பள்ளிக்கூடம். மாடிப்படித் திருப்பத்தில், மேற்குச் சுவரில் சாம்பல் நிற இரும்புப் பெட்டி ஒன்று தொங்கியது. வகுப்பறைகளிலும் வராந்தாவிலுமாகப் பதினான்கு கடிகாரங்கள் நிமிடத்துக்கு ஒரு துடிப்பை அந்தப் பெட்டியிடம் வாங்கித்தான் முள்ளை நகர்த்துகின்றன. என்னை வரச்சொன்ன அன்று காவலாளி கையில் ஸ்க்ரூடிரைவரோடுதான் எதிரே வந்தார்.

"அண்ணே, சித்திரையில் பின்னால் போகிறது, இந்தப் பக்கம் திருகுகிறேன். மார்கழியில் முன்னால் ஓடுகிறது, அந்தப் பக்கம் திருகுகிறேன். இப்போது திருகினால் பிடிக்கவே மாட்டேன் என்கிறது."

மூடியைத் திறந்து பார்த்தேன். கடிகாரத்தின் ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டவும் குறைக்கவும் உள்ள சின்னத் திருகுதான் டிரிம்மர். அதன் வெட்டு, தேய்ந்த பத்துப் பைசா விளிம்பு போல வழவழவென்று இருந்தது. ஆண்டுக்கு இரண்டு முறை, பல ஆண்டுகளாகத் திருகிய திருகு. அந்த டிரிம்மரில் ஒரு குற்றமும் இல்லை. நோய் வேறு எங்கோ இருக்க, எட்டிய இடத்தில் மருந்து போட்டிருக்கிறார்கள். வடசென்னையில் நான் திறந்து பார்த்த பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். நேரம் எவ்வளவு தவறுகிறது என்பதை விட, எப்படித் தவறுகிறது என்பதே நோயைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே கீழே உள்ளதை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் பெட்டியின் அறிகுறி எதுவோ அங்கே போய்ப் படிக்கலாம். அடுத்த பகுதியை மட்டும் யாரும் தாண்டக் கூடாது.

இங்கே பேசுவது 1970களிலிருந்து 90கள் வரை வந்த பெட்டிகளைப் பற்றி. அவற்றில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று மின்வாரிய மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலைகளை, அதாவது நொடிக்கு ஐம்பது அலைகளை, எண்ணி நேரம் காட்டுவது. மற்றொன்று உள்ளேயே ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டலை வைத்துக்கொண்டு அதன் அதிர்வை எண்ணுவது. எது உங்களுடையது என்று தெரியவில்லை என்றால் பலகையைப் பாருங்கள். வெள்ளி நிறத்தில் சின்னக் குழாயோ தட்டையான உலோக டப்பியோ இருந்தால் கிரிஸ்டல். இல்லையென்றால் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ். மூடியைத் திறக்கும் முன் மின்சாரத்தை எடுங்கள். எடுத்த பிறகும், மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் பெரிய கெபாசிட்டர்களை ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்கிவிட்ட பிறகே விரல் வையுங்கள்.

முதலில் ஏழு நாள் நோட்டு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இராயபுரம் ரயில் நிலையத்துக் கடிகாரம் மதராஸ் நேரத்தைக் காட்டியது. அது கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 நொடி முன்னால் இருந்த நேரம். 1906 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய நேரத்தோடு வைத்துப் பார்த்தால் 8 நிமிடம் 46 நொடி பின்னால். அந்தக் கடிகாரம் கெட்டுப்போனதா? இல்லை. இன்றும் 8:46, நாளையும் 8:46, அடுத்த மாதமும் 8:46. அப்படி மாறாமல் நிற்கிற வித்தியாசம் வைத்ததில் உள்ள பிழை. முள்ளைத் திருப்பினால் போதும். வித்தியாசம் நாளுக்கு நாள் வளர்ந்தால்தான் அது ஓட்டத்தில் உள்ள பிழை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள்தான், திங்கட்கிழமை பத்து நொடி பின்னால் இருப்பதைப் பார்த்த உடனே டிரிம்மரைத் திருகுகிறார்கள். அந்தப் பத்து நொடி போன மாதம் முள் வைத்தவர் விட்டதாகவும் இருக்கலாம்.

எனவே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் எழுத வேண்டியவை: தேதி, எத்தனை நொடி முன் அல்லது பின், அன்று கரண்ட் போனதா, வேறு ஏதாவது வித்தியாசம் கண்ணில் பட்டதா. ஒப்பிடுவதற்குக் கைப்பேசி போதும். தானாக நேரம் அமைத்துக்கொள்ளும் வசதி இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். தொலைக்காட்சியில் ஓடும் கடிகாரத்தை நம்பாதீர்கள். செயற்கைக்கோள் வழியாகச் சுற்றி வீட்டுக்கு வருவதற்குள் சில நொடி தாமதமாகிவிடும்.

கண்ணால் பார்த்துக் கையால் எழுதினால் அரை நொடி தவறும். இன்னும் நுணுக்கமாக வேண்டும் என்றால், நொடி காட்டும் ஒரு கைப்பேசியைச் சுவர்க் கடிகாரத்தின் அருகே பிடித்து, இன்னொரு கைப்பேசியில் இரண்டையும் சேர்த்து வீடியோ எடுங்கள். முள் தாவுகிற இடத்தில் நிறுத்திப் பாருங்கள். நொடிக்கு 30 படம் எடுக்கும் வீடியோவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி நொடியில் முப்பதில் ஒரு பங்குதான்.

கணக்கு எளிது. ஒரு நாளுக்கு 86,400 நொடி. பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழையை பிபிஎம் என்பார்கள். ஒரு பிபிஎம் என்பது நாளுக்கு 0.0864 நொடி, முப்பது நாளுக்குச் சுமார் 2.6 நொடி. வாரத்துக்கு ஏழு நொடி தவறினால் ஏறக்குறைய 11.6 பிபிஎம். கடையில் 20 பிபிஎம் என்று விற்கும் சாதாரணக் கிரிஸ்டல், திருத்தாமல் விட்டால் நாளுக்கு 1.7 நொடி வரை தவறலாம். அது கிரிஸ்டலின் குறை அல்ல. நீங்கள் கொடுத்த காசுக்கு அவ்வளவுதான்.

அறிகுறி: நாள்தோறும் ஒரே அளவு தவறுகிறது

நோட்டில் 2, 4, 6, 8 என்று ஏணிப்படி போல ஏறினால் சந்தோஷப்படுங்கள். இது ஒன்றுக்குத்தான் டிரிம்மர் மருந்து.

கடிகாரம் முந்தினால் டிரிம்மரின் கொள்ளளவை, அதாவது மின்சாரத்தைத் தேக்கும் அளவை, கூட்ட வேண்டும். பிந்தினால் குறைக்க வேண்டும். எந்தப் பக்கம் திருகினால் கூடும் என்பது டிரிம்மருக்கு டிரிம்மர் மாறும். அதனால் முதல் முறை கால் சுற்று மட்டும் திருகி, இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துத் திசையைத் தெரிந்துகொள்ளுங்கள். உலோக ஸ்க்ரூடிரைவர் கூடாது, பிளாஸ்டிக் வேண்டும். உலோகம் தொட்டிருக்கும் வரை ஒரு ஓட்டம், எடுத்ததும் இன்னொரு ஓட்டம் என்று ஆட்டம் காட்டும். வாட்சுகளில் உள்ள 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் கொள்ளளவு ஒரு பிகோஃபாரட் (அதை அளக்கும் அலகு) மாறினாலே நாளுக்கு அரை நொடிக்கு மேல் மாறிவிடும். கை நடுங்குகிறவர்களுக்கு ஏற்ற வேலை இல்லை.

அதிர்வெண்ணை அளக்கும் ஃப்ரீக்வென்சி கவுண்டர் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. கவுண்டரின் முனையை நேராகக் கிரிஸ்டல் காலில் வைத்துவிடுகிறார்கள். முனையோடு சேர்ந்து பத்துப் பதினைந்து பிகோஃபாரட் உள்ளே போகும். நீங்கள் அளப்பது கடிகாரத்தின் ஓட்டத்தை அல்ல, கடிகாரத்தோடு உங்கள் கம்பியும் சேர்ந்த ஓட்டத்தை. கிரிஸ்டலின் அதிர்வைத் திரும்பத் திரும்பப் பாதியாக்கும் சிடி4060 சிப் உள்ள பெட்டியாக இருந்தால் கிரிஸ்டல் இருக்கும் 10, 11 கால்களை விட்டுவிட்டு 9-ஆம் காலில் அளங்கள். அங்கே வருவது கிரிஸ்டலிலிருந்து பிரித்துக் கொடுக்கும் வெளியீடு, கிரிஸ்டலைத் தொந்தரவு செய்யாது. அதுவும் கவுண்டருக்குள் இருக்கும் கிரிஸ்டல் நம்பத் தகுந்ததாக இருந்தால்தான் பயன். விலை மலிந்த கவுண்டரே 10 பிபிஎம் தவறினால், அதை வைத்துத் திருத்திய கடிகாரமும் 10 பிபிஎம் தவறும், அதுவும் மிகுந்த தன்னம்பிக்கையோடு. ஏழு நாள் நோட்டு அப்படி ஏமாற்றுவதில்லை.

டிரிம்மர் எல்லை வரை போயும் சரியாகவில்லை என்றால், யாரோ கிரிஸ்டலை மாற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகியுங்கள். 32,768 கிரிஸ்டல்கள் சர்க்யூட் தரும் கொள்ளளவு 6 பிகோஃபாரட்டுக்கு என்றும் 12.5 பிகோஃபாரட்டுக்கு என்றும் தனித்தனியாக வரும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். 12.5-க்கு அமைத்த சர்க்யூட்டில் 6-க்கான கிரிஸ்டலைப் போட்டால் நாளுக்கு ஐந்தாறு நொடிக்கு மேல் பிந்தும், டிரிம்மரால் அதை எட்டிப் பிடிக்க முடியாது. கடையில் கேட்கும்போது அதிர்வெண்ணை மட்டும் சொல்லாமல் இதையும் சொல்லிக் கேளுங்கள்.

அறிகுறி: கோடையில் பிந்துகிறது, மார்கழியில் சரியாகிறது

இராயபுரம் பெட்டியின் நோய் இதுதான்.

அந்தச் சின்னக் குழாய்க்குள் இருப்பது இசைக்கவை போல வெட்டிய குவார்ட்ஸ். அது 25 டிகிரி செல்சியஸில்தான் மிக வேகமாக ஓடும். அதிலிருந்து வெப்பம் ஏறினாலும் இறங்கினாலும் மெதுவாகும். எவ்வளவு மெதுவாகும் என்பது வித்தியாசத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 25-லிருந்து எத்தனை டிகிரி தள்ளியிருக்கிறதோ அதை அதனாலேயே பெருக்கி, 0.035 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய பிபிஎம் கிடைக்கும். 35 டிகிரியில் 3.5 பிபிஎம், நாளுக்கு 0.3 நொடிதான், ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். 45 டிகிரியில் 14 பிபிஎம். நாளுக்கு 1.2 நொடி, மாதத்துக்கு 36 நொடி. 25-லிருந்து உள்ள வித்தியாசம் இரட்டித்தால் பிழை நான்கு மடங்காகும் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

சென்னையில் எந்த இரும்புப் பெட்டிக்குள் 45 டிகிரி வராது? அந்தப் பெட்டி மாலை வெயில் படும் மேற்குச் சுவரில், அஸ்பெஸ்டாஸ் கூரைக்கு இரண்டடி கீழே இருந்தது. போதாக்குறைக்கு டிரான்ஸ்ஃபார்மரும் உள்ளேயே, கிரிஸ்டலிலிருந்து நான்கு விரற்கடை தூரத்தில். கத்திரி வெயிலில் கை வைத்தால் பெட்டி சுட்டது. காவலாளி மே மாதத்தில் டிரிம்மரைத் திருகிச் சரி செய்வார். டிசம்பரில் குளிர்ந்ததும் கிரிஸ்டல் தன் இயல்புக்குத் திரும்பும். அப்போது முன்பு கொடுத்த திருத்தமே பிழையாகி மாதத்துக்கு அரை நிமிடத்துக்கு மேல் முந்தும். அதைத் திருத்த மறுபடியும் ஸ்க்ரூடிரைவர்.

நான் செய்தது மூன்று காரியம். டிரான்ஸ்ஃபார்மரைப் பெட்டிக்கு வெளியே ஒரு தனிப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தேன். பெட்டியைப் படிக்கட்டின் அடியில், வெயில் படாத உள்சுவருக்கு மாற்றினேன். கீழேயும் மேலேயும் துளை போட்டு, பூச்சி புகாமல் வலை ஒட்டினேன். தேய்ந்த டிரிம்மரை மாற்றி, 33 டிகிரியில் நேரம் சரியாக வரும்படி வைத்துவிட்டு ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்து மூடினேன். சென்னையில் 25 டிகிரிக்குத் திருத்துவது வீண். பெட்டி ஆண்டின் பெரும்பகுதியைக் கழிக்கும் வெப்பநிலை எதுவோ அதற்குத் திருத்துங்கள்.

இதைவிட நல்ல நேரம் வேண்டும் என்றால் கிரிஸ்டலை எடுத்துவிட்டு, வெப்பத்துக்கேற்பத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் டிஎஸ்3231 சிப்பை வைக்கலாம். 0 முதல் 40 டிகிரி வரை 2 பிபிஎம்முக்குள், அதாவது ஆண்டுக்கு ஒரு நிமிடம் அளவுக்குள் நிற்கும். அதன் 32 கிலோஹெர்ட்ஸ் காலிலிருந்து வரும் அலையை சிடி4060-இன் 11-ஆம் காலுக்குக் கொடுத்தால் மற்ற எல்லாம் பழையபடி ஓடும். இரண்டு எச்சரிக்கை. அந்தக் கால் தானாக வோல்டேஜ் தராது. மேலிழுக்கும் ரெசிஸ்டர் ஒன்று வேண்டும். பழைய பெட்டியின் சிப்கள் 12 வோல்ட்டில் ஓடினால் இடையில் ஒரு டிரான்சிஸ்டர் கட்டாயம், நேராகக் கொடுத்தால் டிஎஸ்3231 போய்ச் சேர்ந்துவிடும். மற்றொன்று, சந்தையில் கிடைக்கும் நீல நிறப் பலகைகளில் பட்டன் பேட்டரியை மின்னேற்றம் செய்ய ஒரு டயோடும் ஒரு ரெசிஸ்டரும் இருக்கும். சிஆர்2032 மின்னேற்றம் செய்யக் கூடாத பேட்டரி. முதல் வேலையாக அந்த டயோடைப் பிடுங்குங்கள். சிப்பின் பெயரில் கடைசி எழுத்து 'எம்' என்று இருந்தால் அது 5 பிபிஎம் வகை. அதற்கேற்ற விலை பேசுங்கள்.

அறிகுறி: ஒரு நாள் முந்துகிறது, ஒரு நாள் பிந்துகிறது, கணக்கே இல்லை

இது 50 ஹெர்ட்ஸை எண்ணும் குடும்பம். இந்தப் பெட்டி நேரம் காட்டுவதில்லை, மின்தொகுப்பின் மனநிலையைக் காட்டுகிறது.

அலைவரிசையின் சராசரி 0.01 ஹெர்ட்ஸ் குறைந்தாலே நாளுக்கு 17 நொடி பிந்தும். இன்று தொகுப்பு 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது விதி. விதிக்குள்ளேயே நின்று நாள் முழுக்க 49.95-இல் ஓடினாலும் 86 நொடி போய்விடும். பழைய நிலைமை இதைவிட மோசம். 2003-க்கு முன் தென்னகத் தொகுப்பு 48.5 ஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்கிய நாட்கள் உண்டு. 48.5 என்றால் நூற்றுக்கு மூன்று குறைவு, ஒரு முழு நாள் அப்படி ஓடினால் 43 நிமிடம் காணாமல் போகும். எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த எங்கள் தெருவிலும் கரண்ட் கடிகாரம் வாங்கியவர்கள் ஆலைச் சங்கு கேட்டுத்தான் முள்ளை வைத்தார்கள். 2003 ஜனவரியில் தென்னகத்தில் புதிய மின்கட்டண முறை வந்த பிறகு அலைவரிசை வெகுவாகச் சீரானது. 2013 டிசம்பர் 31 அன்று தென்னகத் தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு இணைந்தது. ஆனாலும் கடிகாரத்துக்குப் போதுமான அளவு சீராகிவிடவில்லை.

இதில் ஒரு கிளை நோய் உண்டு. மணிக்குச் சரியாகப் பத்து நிமிடம் பிந்துகிறதா? அது 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்காகச் செய்த கடிகாரம். வெளிநாட்டுச் சரக்கு விற்கும் பர்மா பஜாரில் ஆசையாக வாங்கிய ரேடியோக் கடிகாரம் வீட்டுக்கு வந்ததும் சோம்பேறியானதற்கு இதுவே காரணம். எல்எம்8560 போன்ற கடிகாரச் சிப்களில் 50-க்கும் 60-க்கும் மாற்ற ஒரு கால் இருக்கிறது. சில பெட்டிகளில் பின்பக்கமே சுவிட்ச் வைத்திருப்பார்கள். அதை மாற்றினால் தீர்ந்தது.

மற்றபடி இந்தக் குடும்பத்துக்கு உண்மையான வைத்தியம் ஒன்றுதான்: சொந்தமாக 50 ஹெர்ட்ஸ் உண்டாக்கிக் கொடுப்பது. சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் 3.2768 மெகாஹெர்ட்ஸ் என்று கேட்டால் கிரிஸ்டல் கிடைக்கும். சிடி4060 அதைப் பதினான்கு முறை பாதியாக்கி 3-ஆம் காலில் 200 ஹெர்ட்ஸ் தரும். ஒரு சிடி4013 அதை இன்னும் இரண்டு முறை பாதியாக்கினால் கச்சிதமாக 50. அந்த அலையை, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து சிப்புக்குப் போகும் எண்ணும் கம்பியை வெட்டிய இடத்தில் கொடுங்கள். இந்த அதிர்வெண்ணில் சிடி4060-க்கு ஐந்து வோல்ட் போதாமல் போகலாம். ஒன்பது, பத்து வோல்ட் கொடுங்கள், இல்லையென்றால் 74எச்சி4060 போடுங்கள். மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்கள் வேறு வகையில் வெட்டப்படுவதால் நம் ஊர் வெயிலை வாட்ச் கிரிஸ்டலை விட நன்றாகவே தாங்கும். முப்பது ஆண்டுப் பழைய பெட்டியை அடையாளம் மாறாமல் வைத்துக்கொள்ள இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அறிகுறி: திடீரென்று முன்னால் தாவுகிறது

பிந்தாமல், எப்போதும் முந்துவதாகவே இருக்கும். அதுவும் படிப்படியாக இல்லாமல் தாவலாக. மின்கம்பியில் வரும் ஊசி போன்ற இரைச்சலை எண்ணி அலை என்று சேர்த்துக்கொள்கிறது பெட்டி. 50 ஹெர்ட்ஸ் பெட்டியில் ஒவ்வொரு பொய் எண்ணிக்கையும் 0.02 நொடி, ஐம்பது சேர்ந்தால் ஒரு நொடி.

காசிமேட்டில் மீனுக்கு ஐஸ் அடிக்கும் கூடம் ஒன்றின் பக்கத்துக் கட்டடத்தில் இந்த நோயைப் பார்த்தேன். ஐஸ் கம்ப்ரஸர் இழுக்கும் ஒவ்வொரு முறையும் கடிகாரம் கொஞ்சம் அவசரப்பட்டது. நோட்டைப் பார்த்தபோது வேலை நடந்த நாட்களில் எல்லாம் தாவல், கூடம் மூடியிருந்த நாளில் மட்டும் ஒழுங்கு. உங்கள் நோட்டிலும் விடுமுறை நாட்கள் மட்டும் சுத்தமாக இருந்தால் குற்றவாளி வெளியே இருக்கிறான். விடுமுறையிலும் தாவினால் உள்ளே தேடுங்கள். பெரும்பாலும் பெட்டியின் சொந்த ரிலே (மின்காந்த சுவிட்ச்), விடும்போது உதைக்கும் உதையை எண்ணியிருக்கும்.

வெளி இரைச்சலுக்கு, எண்ணும் காலுக்கு முன்னால் 22 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் வைத்து, பிறகு மங்கிய அலையைக் கூர்மையான துடிப்பாக்கும் சிடி4093 ஷ்மிட் கேட் வழியாக அனுப்புங்கள். கெபாசிட்டரை அதிகமாக்கினால் இன்னும் நல்லது என்று நினைத்து ஒரு மைக்ரோஃபாரட் போட்டால் உண்மையான அலையும் மெலிந்து, முந்திய கடிகாரம் பிந்தத் தொடங்கும். ரிலேயின் உதைக்குக் காயிலின் மேல் ஒரு டயோடு, முனைகளுக்குக் குறுக்கே 100 ஓமும் 0.1 மைக்ரோஃபாரடும் தொடராக. பவர் சப்ளையில் உள்ள பெரிய எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர் இருபது வயதைத் தாண்டியிருந்தால் கேள்வி கேட்காமல் மாற்றுங்கள். வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே காய்ந்திருக்கும்.

அறிகுறி: கரண்ட் போய் வந்தால் நேரம் போச்சு

பேட்டரியைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. 12 வோல்ட் மூடிய ஈய-அமில பேட்டரியை மீட்டரை மட்டும் வைத்துப் பார்த்தால் 12.8 காட்டி ஏமாற்றும். பெட்டியை அதில் ஓடவிட்டு அரை மணி கழித்துப் பாருங்கள். எப்போதும் இணைப்பிலேயே வைத்துச் செய்யும் மிதவை மின்னேற்றம் 13.5-க்கும் 13.8-க்கும் இடையில், வெயில் காலத்தில் கீழ்ப்பக்கமே வையுங்கள். பச்சை உறை போட்ட நிக்கல்-காட்மியம் பேட்டரி பலகையிலேயே சால்டர் செய்யப்பட்டிருந்தால், அது கசிந்து செம்புக் கோடுகளைப் பச்சையாக அரித்திருக்கும். கசிந்தது காரம் என்பதால் முதலில் எலுமிச்சைச் சாற்றால் துடைத்து, பிறகு தண்ணீரால் கழுவிக் காய வையுங்கள்.

ரேடியோக் கடிகாரங்களில் 9 வோல்ட் பேட்டரி போட்டும் நேரம் தவறுகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. கரண்ட் இல்லாதபோது அந்தச் சிப்கள் ஒரு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் சேர்ந்த அலையில் ஓடுகின்றன. அது நூற்றுக்கு ஐந்து தவறினால், ஒரு மணி நேர மின்தடைக்கு மூன்று நிமிடம் தவறும். பேட்டரி அலாரத்தைக் காப்பாற்றத்தான்.

அறிகுறி: ஐப்பசி மழையில் நின்றுவிடுகிறது

கிரிஸ்டலின் குறுக்கே பெரும்பாலும் 10 மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கும். கடற்கரை ஊரில் பலகையின் மேல் படியும் உப்பும், பழைய சால்டர் பசையும் ஈரத்தைக் குடித்தால் அதற்கு நிகரான ஒரு கசிவுப் பாதை தானாகவே உருவாகிவிடும். அதிர்வு தள்ளாடும், சில சமயம் நின்றே போகும். வெயில் அடித்த மறுநாள் ஒன்றும் நடக்காதது போல ஓடும். ஹேர் டிரையரைத் தூரத்திலிருந்து ஒரு நிமிடம் காட்டினால் உயிர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் நோய் உறுதி.

இராயபுரம் பெட்டியில் இதுவும் இருந்தது. பலகையைக் கழற்றித் திருப்பியபோது கிரிஸ்டலுக்கு அடியில், சுண்ணாம்பு மாத்திரை போல இரண்டு பல்லி முட்டைகள். அவற்றைச் சுற்றி ஈரக் கறை. காவலாளி முட்டையை எடுக்க விடவில்லை. அவரே ஒரு காகிதத்தில் ஏந்திக்கொண்டு போய் மதில் பொந்தில் வைத்துவிட்டு வந்தார். ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கியும் கொண்டு பலகையைத் தேய்த்தேன். முதலில் வந்த அழுக்கு தேநீர் நிறத்தில் இருந்தது. நிறமில்லாமல் வரும் வரை தேய்த்து, வெயிலில் ஒரு பகல் காயவைத்து, அக்ரிலிக் வார்னிஷ் அடித்தேன். டிரிம்மரின் மேல் மட்டும் வார்னிஷ் படக் கூடாது. டேப் ஒட்டி மறையுங்கள். வார்னிஷ் அடித்த பிறகு கிரிஸ்டலின் ஓட்டம் சற்றே மாறும். ஆகவே திருத்தும் வேலை கடைசியில்தான்.

அறிகுறி: ஜிபிஎஸ் வைத்தேன், 18 நொடி முன்னால் ஓடுகிறது

பழைய பெட்டியின் நொடித் துடிப்பை ஜிபிஎஸ் மாட்யூலின் துடிப்போடு பூட்டிவிட்டால் ஓட்டப் பிழை என்ற பேச்சே இல்லை. ஆனால் ஜிபிஎஸ்ஸின் சொந்த நேரம் 2017 முதல் உலக நேரத்தைவிட 18 நொடி முன்னால் இருக்கிறது. அந்த வித்தியாசத்தைச் செயற்கைக்கோள் அவ்வப்போதுதான் சொல்கிறது. முழுச் செய்தி வர 12.5 நிமிடம் ஆகும். மாட்யூலுக்கு உயிர் கொடுத்து கால் மணி நேரம் கழித்து நேரம் வையுங்கள். நேரம் சரி, தேதி மட்டும் பத்தொன்பதரை ஆண்டு பின்னால் என்றால், 1024 வாரத்துக்கு ஒரு முறை வார எண் சுழியாவதைப் புரிந்துகொள்ளாத பழைய மாட்யூல். அது 2019 ஏப்ரலில் சுழியானது. வேறு மாட்யூல் வாங்குவதே சுருக்கு.

அறிகுறி: பெட்டி சரி, சுவர்க் கடிகாரம் மட்டும் தவறு

பெட்டியைக் குறை சொல்லும் முன் எத்தனை நிமிடம் பிந்தியிருக்கிறது என்று எண்ணுங்கள். ஒற்றைப் படையா இரட்டைப் படையா என்பதில்தான் விடை இருக்கிறது.

பல பெட்டிகள் ஒரு நிமிடம் நேர்த் திசையிலும் அடுத்த நிமிடம் எதிர்த் திசையிலும் துடிப்பு அனுப்புகின்றன. சுவர்க் கடிகாரத்தின் காந்தம் திசை மாறினால்தான் நகரும். வோல்டேஜ் போதாமல் ஒரு துடிப்பைத் தவறவிட்டால், அடுத்து வருவது அது ஏற்கெனவே நிற்கும் திசை, அதற்கும் அசையாது. ஆக ஒன்றைத் தவறவிட்டால் இரண்டு நிமிடம் போகும். ஒரு கடிகாரம் 2, 4, 6 என்று இரட்டைப் படையில் பிந்தினால் கம்பியில் வோல்டேஜ் இறங்குகிறது, அல்லது எண்ணெய் காய்ந்து பல்சக்கரம் இறுகியிருக்கிறது. துடிப்பு வரும் அந்த ஒரு நொடியில் கடிகாரத்தின் முனையில் அளங்கள். 24 வோல்ட் பெட்டிக்குக் கடைசிக் கடிகாரத்தில் 20-க்குக் கீழே வந்தால் நான் கம்பி இணைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிடுவேன். உப்புக்காற்றில் பித்தளைத் திருகுகள் கறுத்திருக்கும்.

சரியாக ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம் மட்டும் பிந்தி அப்படியே நின்றால், பழுது பார்த்துத் திரும்ப மாட்டியவர் திசை மாற்றி மாட்டியிருக்கிறார். இரண்டு கம்பியையும் இடம் மாற்றிவிட்டு முள்ளை வையுங்கள். கரண்ட் போய் வந்த பிறகு எல்லாக் கடிகாரமும் சேர்ந்து ஒரு நிமிடம் பிந்தினால், பெட்டி கடைசியாக எந்தத் திசையில் அனுப்பியது என்பதை மறந்துவிட்டது. பேட்டரிப் பகுதிக்குப் போங்கள். இந்த இணைப்பில் உதையை அடக்க ஒற்றை டயோடு போடாதீர்கள். ஒரு திசைத் துடிப்பை அது விழுங்கிவிடும். இரு திசையிலும் உதையை மட்டும் அடக்கும் வேரிஸ்டர் போடலாம், அல்லது முதுகோடு முதுகாக இரண்டு ஜெனர் டயோடு.

இராயபுரத்தில் ஐந்தாம் வகுப்புக் கடிகாரம் அப்படித்தான் நெடுநாளாக ஒரு நிமிடம் பிந்தியிருந்தது. கம்பியை மாற்றிப் போட ஏணியில் ஏறிய நேரத்தைவிட, அங்கிருந்த பிள்ளைகளை ஏணியிலிருந்து விலக்கியதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது நோட்டைப் புரட்டினேன். காவலாளி நாள் தவறாமல் எழுதியிருந்தார். கடைசி வரி: "பின் 2 நொடி. கரண்ட் போகவில்லை. பல்லி இல்லை."